பிரேக் பெட்டிக்குப் பாடம் சொன்னவர்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் புழங்கியது. மற்ற எல்லோருக்கும் அவர் மஞ்சக்கோடு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தொழிற்சாலைத் தரை முழுக்க மஞ்சள் பெயின்டில் கோடு இழுத்து, ஆள் நடக்க இந்தப் பக்கம், வண்டி ஓட அந்தப் பக்கம் என்று பிரித்தவர். கோட்டை மிதித்தால் எச்சரிக்கைக் கடிதம். ஒருமுறை மேலாளரே மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மேலாளர் மஞ்சக்கோட்டைத் தூரத்தில் பார்த்தாலே, கைப்பிடி இல்லாத இடத்தில்கூடக் கையை நீட்டித் துழாவுவார்.

மஞ்சக்கோட்டுக்குப் படிவங்கள் என்றால் உயிர். இயந்திரத்துக்கு ஒரு படிவம், படிவத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஒரு டிக். "பாக்காம டிக் போடுறவன் கொலைகாரன்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவார். முழங்கி முடித்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டினால்தான் டீ வரும்.

இப்படிப்பட்டவருடைய காரில் ஒரு திங்கட்கிழமை காலை மூன்று விளக்குகள் ஒன்றாக எரிந்தன. இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு. மஞ்சக்கோடு நேராக மைத்துனனின் பட்டறைக்குப் போனார். மனைவியின் தம்பி கார்களின் மின்பழுது பார்ப்பவன், கெட்டிக்காரன். அக்காள் புருஷனிடம் மரியாதை உண்டு. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது.

அவன் தன் கருவியை மாட்டிப் பார்த்தான். "அத்தான், பிரேக் மாட்யூல், அதான் பிரேக்கை ஆட்டிவைக்கிற பெட்டி, போயிடுச்சு. பயப்படாதீங்க, மிதிச்சா சாதாரணமா பிரேக் பிடிக்கும். ஆனா சக்கரம் வழுக்குனா சமாளிக்கிற மூளை செத்துப்போச்சு."

"வேற ஒண்ணு வாங்கி மாட்டிடு. அவ்வளவுதானே?"

"மாட்டினா மட்டும் போதுமா? எந்த வண்டியில வந்து உக்காந்திருக்கோம்னே தெரியாம அது முழிக்கும். என்ன எஞ்சின், என்ன கியர், எவ்வளவு பெரிய பிரேக்னு எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். அதான் கோடிங். அப்புறம் ஸ்டியரிங் எது நேருன்னு காட்டணும். எனக்கு வரிசையில ஆறு வண்டி நிக்குது. வியாழக்கிழமை கொண்டாங்க, முடிச்சுத் தரேன்."

"வழிமுறைன்னு ஒண்ணு அச்சடிச்சு வெச்சிருப்பாங்கல்ல? அதைப் பாத்து நானே பண்ணிக்கிறேன்."

மைத்துனன் சிரித்துவிட்டான். "அத்தான், நீங்க வழிமுறையை எழுதுற ஆளு. செய்யிற ஆளு இல்ல."

பட்டறையில் காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் கூடவே சிரித்தார்கள். மஞ்சக்கோட்டுக்கு அது போதும். வியாழக்கிழமை என்ற சொல்லே அவர் காதில் அதற்குப் பிறகு விழவில்லை.

ஒரே வாரத்தில், அதே எண் கொண்ட மாட்யூல் ஒன்றைப் பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்தில் தேடிப் பிடித்தார். காருக்கும் மடிக்கணினிக்கும் நடுவே மாட்டும் வயரும், அதற்கான மென்பொருளும் வந்து சேர்ந்தன. அடுத்த விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே கச்சேரி தொடங்கியது. வாசல் என்றால் தெருவிலிருந்து வீட்டுக் கதவு வரை, இடப்பக்கச் சுற்றுச்சுவரை ஒட்டி ஏறிப்போகும் ஒரு சரிவு. கார் அதில் எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

புதுப் பெட்டியை மாட்டியதும் பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டார். அவள் மருந்துக் கடையில் மருந்தாளராக இருப்பவள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி. நான் சொல்லாம விடக்கூடாது."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்."

"பேசாதே. கவனம் சிதறும்."

நான்கு சக்கரத்தையும் ஒருவழியாக முடித்துவிட்டு அவள் இறங்கி வந்து பார்த்தாள். "ஏங்க, முன்சக்கரம் ரெண்டும் ஒரு பக்கமா திரும்பியிருக்கே? பரவாயில்லையா?"

"சரிவுல நிறுத்தினா சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெக்கணும். அது விதி. எங்க தொழிற்சாலையில அதை எழுதினதே நான்தான்."

"சரி," என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விதி எழுதினவரிடம் யார் வாதாடுவது?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கோடிங்கின் முதல் பாதியை மஞ்சக்கோடு அப்பழுக்கில்லாமல் செய்தார். செத்துப்போன பழைய பெட்டியிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஆகவே டிக்கியின் விரிப்புக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருக்கும் குறியீடுகளை, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் படித்து, தாளில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து ஏற்றினார். இரண்டு மணி நேரம் பிடித்தது. பெட்டி ஏற்றுக்கொண்டது. தான் எந்தக் காரில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு திரையில் ஒரு பட்டியல் வந்தது. ஸ்டியரிங்கின் நேர்நிலையைக் கற்பிக்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை. கார் சமதளத்தில் நிற்கிறதா? முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா? பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியிருக்கிறதா? டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா? இப்படியே பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.

கட்டத்தைக் கண்டதும் மஞ்சக்கோட்டின் விரல் தானாக வேலை செய்தது. இத்தனை வருடமாக டிக் போட்ட படிவங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தே பழகிய கண் அது. டிக் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, கேள்வி என்னவென்று பார்க்காது. டக், டக், டக் என்று பத்தும் விழுந்தன. 'தொடர்க' என்பதை அழுத்தினார். பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்தது. காரைக் கிளப்பினார். மூன்று விளக்குகளும் எரிந்து, ஒரு கணம் நின்று, சமர்த்தாக அணைந்தன.

தனக்குக் கொம்பு முளைத்திருக்கிறதா என்று அவர் கண்ணாடியில் தேடவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எண்பது பேரை நிற்க வைத்துவிட்டு நாற்பது நிமிடம் பேசினார். படிப்படியாகப் போனால் பயிற்சி இல்லாதவனும் மூளை அறுவைசிகிச்சை செய்யலாம் என்றார். மைத்துனனைப் பெயர் சொல்லாமல் நாலு சாத்துச் சாத்தினார். கூட்டத்தின் கடைசியில் நின்ற, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அக்கா கொட்டாவியை மறைக்க ஹெல்மெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் மட்டும் அசந்துபோனார்.

"பிரமாதம் சார்! என் வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. பத்து மணிக்கு ஊருக்கு வெளியில இருக்கிற குடோனுக்குப் போகணும். உங்க கார்லயே வரேனே."

மேலாளர் வெள்ளைச் சட்டையில், கையில் பெரிய காகிதக் குவளை நிறையக் காப்பியோடு ஏறிக்கொண்டார். நகருக்குள் நெரிசலில் ஊர்ந்து போனதால் ஒரு குறையும் தெரியவில்லை. புறவழிச் சாலையில் ஏறி முதல் வளைவில் திரும்பியதும், முன்னால் ஒரு சக்கரத்தை யாரோ கையால் பிடித்து இழுத்ததுபோல் கார் வெடுக்கென்று குலுங்கியது.

"ஏன் பிரேக் போட்டீங்க?" என்றார் மேலாளர்.

"நான் போடல சார். வண்டி போட்டுச்சு."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

"யாரோட பாதுகாப்புக்கு?"

மஞ்சக்கோடு புன்னகைத்தார். "முன்னாடி இருந்த பெட்டி சோம்பேறி சார். இது புதுசு, சுறுசுறுப்பா இருக்கு."

இரண்டாவது வளைவில் காப்பி சட்டைக்கு மாறியது. மேலாளர் இல்லாத கைப்பிடியைத் தேடினார். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. வேகத்தைக் குறைப்பதுதான் அறிவு. ஆனால் குறைத்தால் ஏதோ கோளாறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே? மஞ்சக்கோடு குறைக்கவில்லை.

பெரிய ரவுண்டானாவில் கார் ஒருபக்கமாக முரண்டு பிடித்துக் கிறீச்சிட்டு, பாதையிலிருந்து விலகி, நடுத்திட்டின் விளிம்பில் முட்டி நின்றது. பின்னால் வந்த பால் டேங்கர் ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அந்த ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் பால் டேங்கரும் இந்தப் பக்கம் இரண்டு உயிரும்.

டேங்கர் ஓட்டுநர் இறங்கி வந்தார். காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'பாதுகாப்பே முதல்' என்பதை வாய்விட்டுப் படித்தார்.

"முதல்ல என்னன்னு தெரியுது சார். ரெண்டாவதா மூளைன்னு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?"

மேலாளர் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார். கதவைச் சாத்தும்போது, "நூலிழையில் தப்பிய சம்பவ அறிக்கை. நாளைக்குள்ள. அடிப்படைக் காரணத்தோட," என்று மட்டும் சொன்னார். அப்படி ஓர் அறிக்கையை அந்த நிறுவனத்தில் புகுத்தியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சக்கோடு காரை நத்தை வேகத்தில் உருட்டி மைத்துனன் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேதி கேட்டு மனைவியும் மருந்துக் கடையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். தம்பி கருவியை மாட்டினான், மடிக்கணினியையும் வாங்கித் திறந்தான். கொஞ்ச நேரம் அவன் வாயிலிருந்து கேலியே வரவில்லை. அதுதான் மஞ்சக்கோட்டை அதிகம் பயமுறுத்தியது.

"அத்தான், இப்போ ஸ்டியரிங் நேராத்தானே இருக்கு? உங்க மாட்யூல் என்ன நினைக்குதுன்னா, வலது பக்கம் நாப்பது டிகிரி திரும்பியிருக்கோம்னு. ஏன்னா சக்கரம் இடது பக்கம் திரும்பியிருந்தப்போ, இதுதான் நேருன்னு நீங்க அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அதனால ரோட்டுல போறப்போ, ஸ்டியரிங் திரும்பியிருக்கு, வண்டி திரும்பலையே, வழுக்குதுபோலன்னு பதறிப்போய் சக்கரத்தைப் பிடிக்குது. இன்னும் அதிகமா திருப்பி வெச்சிருந்தா அதுவே மாட்டேன்னு சொல்லியிருக்கும். சரியா அது நம்புற அளவுக்கு மட்டும் திருப்பி வெச்சிருக்கீங்க."

"பெட்டியே கோளாறா இருக்குமோ?" என்றார் மஞ்சக்கோடு, ஈனஸ்வரத்தில்.

"பெட்டி நல்ல பெட்டி. பாவம், உங்களை நம்பிடுச்சு." அவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். மென்பொருள் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. "கோடிங்குக்கு ரெண்டு மணி நேரம். அதுல ஒரு தப்பு இல்ல, நான்கூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டேன். அப்புறம் பத்துக் கேள்வி வந்திருக்கு. பத்துக்கும் சேத்து நீங்க எடுத்துக்கிட்ட நேரம் நாலு நொடி."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. மனைவி காரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நாலு நொடி," என்றாள், மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதை உறுதிசெய்துகொள்ளும் குரலில்.

தம்பி காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தை நேராக்கி, சார்ஜரை மாட்டி, பத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்தான். அரை மணிக்கு மேல் ஆயிற்று. வளைவுகளில் ஓட்டிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான். நிஜமாகவே சரியாகிவிட்டது.

அன்று மாலை மஞ்சக்கோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். ஆறு பக்கம். அடிப்படைக் காரணங்கள்: ரவுண்டானாவின் வடிவமைப்பு, போதிய இடைவெளி விடாத டேங்கர், வாகனத்துக்குள் திரவ உணவு கொண்டுவந்து ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடித்த பயணி. மனைவி வாங்கிப் படித்தாள்.

"நல்லா இருக்கு. நான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டா, காரணம் நோயாளியோட நோய்னு எழுதிக்கலாம்போல."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியுதுங்க. அந்த டேங்கர்காரரோட கால் பிரேக்குக்குக் கொஞ்சம் மெதுவா போயிருந்தா, நான் இன்னிக்குப் பட்டறைக்கு வந்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்." குரல் உயரவில்லை. தாள்களை மேசையின் ஓரத்தில் போட்டாள். ஆறு பக்கமும் தரையில் விழுந்தன. அவள் குனிந்து பொறுக்கவில்லை.

அவரும் பொறுக்கவில்லை. புதுத்தாள் ஒன்றை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார்: 'பத்துக் கட்டத்திலும் பார்க்காமல் டிக் போட்டேன்.' கீழே கையெழுத்து.

மறுநாள் காலை மேலாளர் அந்த வரியைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இதை எப்படிக் கோப்புல வெக்கிறது? அடுத்த மாசம் சான்றிதழ் குடுக்கிறவங்க வராங்க. பாதுகாப்பு அதிகாரியே பாக்காம டிக் போட்டேன்னு எழுதினா, மத்தவங்க போட்ட டிக்கை எல்லாம் ஒவ்வொண்ணா கிளற மாட்டாங்களா? ரவுண்டானான்னு ஏதாவது எழுதிக் குடுங்க சார்."

"ரவுண்டானான்னுதான் சார் முதல்ல எழுதினேன்."

"அது எங்கே?"

"வீட்டுல, தரையில."

மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தவருக்கு 'மற்றவர்கள் போட்ட டிக்' என்பது மனதில் முள்ளாகத் தைத்தது. கிடங்குக்குப் போனார். ஃபோர்க்லிஃப்டின் பக்கவாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தார். தினசரி பிரேக் சோதனைப் படிவம். அன்று மாதத்தின் பதினோராம் தேதி. முப்பதாம் தேதி வரை டிக் விழுந்திருந்தது, ஒரே பேனாவில், ஒரே சாய்வில்.

"அக்கா, இருபத்தஞ்சாம் தேதி பிரேக் நல்லா இருக்கும்னு உங்களுக்கு இப்பவே எப்படித் தெரியும்?"

அக்கா இருக்கையிலிருந்து இறங்கவில்லை. "சார், அஞ்சு வருஷமா இந்த அட்டையைப் பாக்குறீங்க. டிக் இல்லைன்னா திட்டுனீங்க. டிக் இருந்தா போயிட்டீங்க. ஒரு நாளாவது வண்டியைப் பாத்தீங்களா? பிரேக் மெதுவா பிடிக்குதுன்னு ரெண்டு தடவை வாயால சொன்னேன். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைன்னு சொன்னீங்க."

அவருக்கு அது நினைவில்லை. சொல்லியிருப்பார் என்பதில் மட்டும் சந்தேகமும் இல்லை. "இப்போ பாக்கலாமா?" என்றார்.

அக்கா காலி வண்டியை ஓட்டி வந்து பிரேக்கை மிதித்தாள். வண்டி யோசித்து, மனம் வந்து, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஆளுயரத் தூரம் போய் நின்றது. ஆட்கள் நடக்கும் பக்கத்தில். இந்த வண்டிதான் தினமும் முக்கால் டன் சுமையோடு எண்பது பேருக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சக்கோடு சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மதியமே எல்லோரையும் கூட்டினார். பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. "முந்தாநேத்து என் கார்ல நான் பாக்காம டிக் போட்டேன். நேத்து ரெண்டு பேர் செத்திருப்போம். நாளையிலேருந்து பாத்திருந்தா மட்டும் டிக் போடுங்க. பாக்கலைன்னா காலியா விடுங்க. காலியா விட்டா திட்ட மாட்டேன்." யாரும் கைதட்டவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் முப்பது படிவங்கள் வந்தன. இருபத்திரண்டு துடைத்துவிட்டதுபோல் வெறுமை. காகிதம் வெட்டும் இயந்திரக்காரர் பத்தில் ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டிருந்தார்: 'இயந்திரம் இருக்கிறது.' அவசர வழிக் கதவுக்குரிய படிவத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'சாவி யாரிடம் என்று தெரிந்தால் பார்த்துச் சொல்கிறேன்.' மஞ்சக்கோடு அவற்றை இரண்டு முறை படித்தார். தன் பணிக்காலத்திலேயே படிக்க சுவாரசியமாக இருந்த படிவங்கள் இவைதான் என்று தோன்றியது.

காலியாக வந்த படிவங்களோடு ஒவ்வொன்றையும் போய்ச் சோதித்ததில், பத்து மணிக்குள் இரண்டு ஃபோர்க்லிஃப்டையும் ஒரு வெட்டு இயந்திரத்தையும் நிறுத்த வேண்டியதாயிற்று. வாசலில் லாரிகள் வரிசை கட்டின. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அவசரத்தில் கைப்பிடியைத் தொடவே இல்லை.

"யார் நிறுத்தச் சொன்னது? தலைமை அலுவலகத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பிரேக் பிடிக்கலைன்னு சொல்லுங்க சார்."

"போன வாரம்வரைக்கும் எல்லாத்துலயும் டிக் இருந்ததே!"

"இருந்துச்சு சார்," என்றார் மஞ்சக்கோடு.

மேலாளர் அந்த இடத்திலேயே ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதி நீட்டினார். மஞ்சக்கோடு கையெழுத்துப் போடும் முன் அதை முழுக்கப் படித்தார். இரண்டாம் வரியில் தேதி தப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவைத் தேடினார். பக்கத்தில் அக்கா, ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பழுதுபார்ப்பவருக்கு விளக்குப் பிடித்தபடி, "தேய்ஞ்சு தகடா இருக்குப்பா. சார், நீங்களும் வந்து பாருங்க," என்றாள்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து பார்க்கப் போனார்.